பார்க்காமலே ‘மூலம்’ என்ற டாக்டரும், படுக்க வைத்துப் பார்த்த டாக்டரும்

இந்த முறை ஊரில் மற்ற வேலையெல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதை விட்டுவிடுகிறேன். பெரியப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனதைத்தான் எழுத வேண்டும்.

பெரியப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வெளிக்குப் போகும்போது ரத்தம் போவதை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லவில்லை. பெரியம்மா வேட்டியில் கறையைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. டோக்கன் வாங்கி, வழக்கமான காத்திருப்பெல்லாம் முடிந்து உள்ளே போனோம். “ரத்தம் போகுதுங்க” என்று பெரியப்பா வாயெடுத்ததுமே, “மூலம்தான், வயசாயிடுச்சில்ல” என்று டாக்டர் எழுதத் தொடங்கிவிட்டார். ஒரு களிம்பு, ஒரு மலமிளக்கி. என்ன நிறம், எத்தனை நாளாக, வலி உண்டா, எடை குறைந்ததா, எதையும் கேட்கவில்லை. “ஒரு தடவை படுக்க வைத்துப் பார்க்க வேண்டாமா டாக்டர்?” என்றேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

எனக்கு மனசே ஆறவில்லை. சிறுவயதில் எங்களைப் பார்த்த டாக்டர் சாதாரணக் காய்ச்சலுக்கே கண் இமையை இழுத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். அந்தக் கை எங்கே போயிற்று? நான் வசிக்கும் இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க 2 வருடத்துக்கு ஒருமுறை மலப் பரிசோதனைக் குழாய் தபாலில் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக்கூட அங்கே தேடுகிறார்கள். இங்கே கண்ணெதிரே சொட்டுகிற ரத்தத்துக்கு ஒரு கேள்விகூட இல்லை.

மறுநாளே வேறு இடம். இளவயது அறுவை சிகிச்சை டாக்டர், பெண். பெரியப்பா கூச்சத்தில் நெளிந்தார். “ஐயா, தினமும் இதைத்தான் பார்க்கிறேன், தயங்காம சொல்லுங்க” என்று நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ரத்தம் மலத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறதா, உள்ளே கலந்திருக்கிறதா? பளிச்சென்ற சிவப்பா, கருஞ்சிவப்பா? ஒவ்வொன்றையும் ஏன் கேட்கிறார் என்பதையும் சொன்னார். வலியில்லாமல் பளிச்சென்று கடைசியில் சொட்டினால் பெரும்பாலும் மூலம். போகும்போது கிழிப்பதுபோல் வலித்து, பிறகும் எரிச்சல் நீடித்தால் ஆசனவாய் வெடிப்பு. முக்கிப் போகும் மலச்சிக்கல்காரர்களுக்கு வயது வித்தியாசமில்லாமல் வரும். சளியோடும் பேதியோடும் வாரக்கணக்கில் ரத்தம் போனால் குடல் அழற்சியாக இருக்கலாம். காய்ச்சலோடு திடீரென்று வந்தால் கிருமித் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். கருஞ்சிவப்பாகக் கலந்து வருவதும், கழிக்கும் வழக்கமே மாறிப்போவதும், காரணமில்லாமல் எடை குறைவதும், ரத்தசோகையும் பெருங்குடலைப் பார்த்தே தீர வேண்டிய அறிகுறிகள்.

பெரியப்பா இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். அதனால்தான் ரத்தம் வருகிறதோ என்று கேட்டேன். மாத்திரை கசிவை அதிகமாக்கலாம், ஆனால் அதன்மேல் பழியைப் போட்டுத் தேடாமல் விடக்கூடாது, நாமாக நிறுத்தவும் கூடாது என்றார்.

அப்புறம் திரையை இழுத்துவிட்டு, இடது பக்கமாகப் படுத்து முழங்காலை மார்புக்கு மடக்கச் சொன்னார். கையுறை, கொஞ்சம் ஜெல், ஒரு விரல். பிறகு சின்னக் குழாய் விட்டு உள்ளே பார்த்தார். சில நிமிடங்கள்தான். முந்தைய நாள் அந்தச் சில நிமிடங்கள்தான் கிடைக்காமல் போயின. “மூலம் இருக்குங்க ஐயா. ஆனா மூலம் இருக்குங்கிறதால மேலே வேற ஒண்ணும் இல்லைன்னு ஆயிடாது. இந்த வயசுல கொலனோஸ்கோபி, அதாவது கேமரா வச்ச நீளக் குழாயை விட்டுப் பெருங்குடலை, பார்த்துடணும்.”

இங்கிலாந்தில் என்றால் தேதிக்கே வாரக்கணக்கில் காத்திருப்போம். இங்கே அந்த வாரமே நடந்தது. அந்த வேகத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. குடலைச் சுத்தம் செய்யும் மருந்தைக் குடித்துவிட்டு இரவு முழுக்கக் கழிப்பறைக்கு நடந்ததுதான் பெரியப்பாவுக்குக் கஷ்டம். பரிசோதனை நடந்ததே தெரியவில்லை என்றார். பெருங்குடலில் ஒரு பாலிப், அதாவது உட்சுவரில் வளரும் சதை முளை, இருந்தது. அதே குழாய் வழியாக எடுத்துவிட்டார்கள். எடுத்த சதையைச் சோதித்த பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டிருந்தால் வருடங்கள் போகப் போக அப்படி மாறக்கூடிய வகை. களிம்பைத் தடவிக்கொண்டே அது வளர்ந்திருக்கும் என்பதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

கிளம்பும்போது டாக்டர் எங்களை நிறுத்திச் சொன்னது: ரத்தம் நிற்காமல் அல்லது கட்டி கட்டியாகப் போனால், தலை சுற்றினால், மயக்கம் வந்தால், படபடத்தால் காலைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும். தார் மாதிரி கறுத்து, ஒட்டும் பதத்தில், கெட்ட நாற்றத்தோடு போனால் வயிற்றுப்புண்ணிலிருந்து கசியலாம், அதற்கும் உடனே வர வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் அதை டாக்டர் முடிவு செய்யட்டும். பெரியப்பாவின் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் இந்தப் பாலிப் விஷயத்தைத் தங்கள் டாக்டரிடம் சொல்லி, எந்த வயதில் பரிசோதிக்கலாம் என்று கேட்க வேண்டுமாம். அண்ணனுக்கும் அக்காவுக்கும் அன்று ராத்திரியே போன் போட்டுவிட்டேன். அக்கா தனக்கும் வருடக்கணக்கில் ரத்தம் போவதாக அப்போதுதான் சொன்னாள். திங்கட்கிழமைக்கு அதே டாக்டரிடம் அவளுக்கும் டோக்கன் போட்டாயிற்று.