சம் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி: மாலையில் ஒரு முறை, காலையில் ஒரு முறை

ராஜஸ்தானின் ஜெய்சல்மேருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சம் மணல்மேடுகளில், கடந்த ஜனவரியில் நானும் என் மனைவியும் இரண்டு முறை ஒட்டகச் சவாரி செய்தோம். அதற்கு முன் இருவரும் ஒட்டகத்தைத் தொட்டதுகூட இல்லை. முதலாவது, நாங்கள் தங்கிய கூடார விடுதியின் கட்டணத்திலேயே அடங்கியிருந்த மாலைச் சவாரி. இரண்டாவது, மறுநாள் விடியற்காலையில் ஒட்டகக்காரரிடம் நேரே பேசி நாங்களே அமர்த்திக்கொண்டது. மணல் அதேதான், ஒட்டகமும் அதேதான் என்றாலும், முதலாவதை நம்பி அவ்வளவு தூரம் போகும்படி யாருக்கும் சொல்ல மாட்டேன். இரண்டாவதற்காகத் தாராளமாகப் போகலாம்.

மாலைச் சவாரிக்கு விடுதிக்காரர்கள் வைத்திருந்த பெயர் ‘சூரிய அஸ்தமன சஃபாரி’. சாலையோரத்தில் வண்ணத் துணிகளும் கழுத்தணிகளும் பூண்ட ஒட்டகங்கள் வரிசையாக அமர்ந்திருக்க, விடுதியின் ஆள் சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு பேரை ஏற்றிவிட்டார். நாங்கள் காத்திருந்தது முக்கால் மணி நேரம், ஒட்டகத்தின் மேல் இருந்தது இருபது நிமிடம். முதல் மணல்மேட்டின் உச்சியில், நூற்றுக்கணக்கானவர்கள் கைப்பேசியை உயர்த்தி நின்றுகொண்டிருந்த கூட்டத்தின் நடுவே இறக்கிவிட்டு, ஒட்டகக்காரர் அடுத்த சவாரிக்காக ஓடிவிட்டார். பக்கத்துச் சரிவில் ஜீப்புகள் உறுமிக்கொண்டு ஏறியிறங்கின. சூரியன் மறைந்ததென்னவோ உண்மை. திரும்பி வருவதற்கும் சவாரி உண்டு என்று சொல்லித்தான் எங்களிடம் பணம் வாங்கினார்கள். இருட்டில் மணலில் கால் புதையப் புதைய நடந்துதான் விடுதிக்கு வந்து சேர்ந்தோம்.

ஆனாலும் முதன்முதலாக ஏறிய அந்த ஒரு நிமிடத்தைக் குறை சொல்ல முடியாது. எழும்போது ஒட்டகம் பின்னங்கால்களைத்தான் முதலில் நிமிர்த்தும் என்று படித்திருந்தேன். படித்தது உடம்புக்குத் தெரியவில்லை. மடங்கிய முன்முட்டிகளை ஊன்றிக்கொண்டு அது பின்பக்கத்தைத் தூக்குகிறபோது, அதன் கழுத்து வழியாகவே தலைகுப்புற வழுக்கிப் போய்விடுவோம் என்று தோன்றுமளவுக்கு உடல் முன்னால் தள்ளப்படுகிறது; அந்தச் சரிவுக்கு நாம் இசைவதற்குள் முன்னங்கால்களும் நிமிர்ந்து, வந்த வேகத்திலேயே பின்னால் வீசுகின்றன. அதன்பிறகு குனிந்து பார்த்தால் தரை ஏழடிக்குக் கீழே இருக்கிறது. ஏறியவுடனேயே நன்றாகப் பின்னால் சாய்ந்து, சேணத்தின் முன்கட்டையை இரு கைகளாலும் பிடித்துக்கொள்வதும், ஒட்டகம் உட்காரும்போதும் அதையே செய்வதும்தான் இதற்கு வழி. எங்களை ஏற்றுவதற்கு முன் எவரும் இதைச் சொல்லவில்லை. நான் கத்திய பிறகு சொன்னார்கள். முதுகுவலி உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் இந்தக் குலுக்கலுக்குத் துணியாமல் இருப்பதே நல்லது.

வரிசையில் எங்களுக்கு அடுத்திருந்த ஒட்டகம் திடீரென்று நீர் கொப்பளிப்பது போன்ற சத்தத்துடன் வாயோரமாக இளஞ்சிவப்பு நிறத்தில் பலூன் போன்ற ஒன்றை ஊதித் தள்ளியது. வாய் முழுக்க நுரை. குடலே வெளியே வந்துவிட்டது என்று என் மனைவி பதறிப்போனார். குளிர்காலம் ஒட்டகங்களின் இணைசேரும் பருவம் என்பதையும், ஆண் ஒட்டகம் தன் மெல்லண்ணத்தை, அதாவது வாயின் மேற்புறத்தில் பின்னாலிருக்கும் மென்மையான சதையை, அப்படி ஊதிக் காட்டும் என்பதையும் ஒட்டகக்காரர் சிரித்துக்கொண்டே விளக்கினார். அந்தப் பருவத்தில் ஆண் ஒட்டகங்கள் முரண்டு பிடிக்கும் என்பதால், முதல் முறை ஏறுகிறவர்கள் சாதுவான ஒட்டகமாகக் கேட்டு வாங்குவது நலம்.

அவரிடம்தான் மறுநாள் காலைக்குப் பேசினேன். ஆளுக்கொரு ஒட்டகம், ஒரு மணி நேரம், இரண்டுக்கும் சேர்த்து 1,000 ரூபாய். “சாஹிப், சூரியன் வருவதற்கு முன்னால் தயாராக இருங்கள்” என்றவர், சொன்னபடியே ஆறரை மணிக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றார். பல் கிட்டிக்கும் குளிர். ஏறுவதற்கு முன் சேணத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். அவர் முகம் சுளிக்காமல் காட்டினார். திமிலைச் சுற்றிப் பொருந்திய மரச்சட்டத்தின் அடியில் திண்டுகள் இருந்தன. தோலில் புண் இல்லை. மூக்கில் கயிறு கட்டும் குச்சியைச் சுற்றியும் சீழோ ஈயோ இல்லை. ஏறுவதற்கு முன் இந்த இரண்டு இடங்களையும் பார்த்துவிடுங்கள். காட்ட மறுத்தால் வேறு ஒட்டகத்தைத் தேடுங்கள்.

ஒட்டகம் ஒரு பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்தே எடுத்து வைக்கிறது. அதனால் சவாரி குதிரையில் போவது போல் இல்லாமல், பக்கவாட்டில் அலையடிக்கும் தோணியில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது. பத்து நிமிடம் அந்த ஆட்டத்தை எதிர்த்து உட்கார்ந்திருந்தேன். இடுப்பைத் தளர்த்திய பிறகுதான் சுற்றிலும் பார்க்கவே முடிந்தது. அகன்ற மெத்தை போன்ற பாதங்கள் மணலில் பதியும்போது சத்தமே எழுவதில்லை. சேணம் கிறீச்சிடுவதும் ஒட்டகக்காரரின் இருமலும் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. மணலில் இரவெல்லாம் வண்டுகள் ஊர்ந்த தடங்கள் தையல் போட்டது போல் கிடந்தன. வழியில் ஒரு மரத்தடியில் என் ஒட்டகம் தானாகவே நின்று, முள்ளைப் பொருட்படுத்தாமல் உதட்டால் இலைகளை உருவித் தின்னத் தொடங்கியது. ‘கேஜ்ரி’ என்றார் அவர். உற்றுப் பார்த்தால் நம் ஊர்க் கோயில்களில் நிற்கும் வன்னி மரமேதான். முந்தைய நாள் இரவு விடுதியில் பரிமாறிய சாங்ரிப் பொரியலும் இந்த மரத்தின் காய்தானாம்.

நடந்துகொண்டே ஒட்டகங்கள் குறைந்துவருவதைப் பற்றிச் சொன்னார். 2012 கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019இல் ஏறத்தாழ இரண்டரை லட்சமாகிவிட்டன. ராஜஸ்தான் 2014இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்து, அடுத்த ஆண்டே அதைக் கொல்வதற்குத் தடையும் மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடும் விதித்தது. அதன்பின் வாங்க வருகிறவர்கள் குறைந்து விலை விழுந்துவிட்டது என்பது அவருடைய மனக்குறை. குளிர்கால மாதங்களின் சவாரிப் பணத்தில்தான் ஆண்டு முழுவதும் ஒட்டகத்துக்குத் தீனி போடுகிறாராம். மாலைச் சவாரிக்கு விடுதி அவருக்கு என்ன தருகிறது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கயிற்றை இழுத்தார். ஆகவே, அறை எடுக்கும்போது சவாரி சேராத கட்டணத்தைக் கேட்டுப் பெற்று, அந்தப் பணத்தை ஒட்டகக்காரரின் கையிலேயே கொடுங்கள்.

குறை என்று பார்த்தால், கால்களை ஊன்றிக்கொள்ள வளையம் இல்லாத சேணம்தான். தொங்கும் கால்கள் அரை மணியில் மரத்துவிடுகின்றன. அதன்பின் இரண்டு நாட்களுக்குப் படி இறங்கும்போதெல்லாம் தொடை வலித்தது. ஜெய்சல்மேர் கோட்டைக்குள் ஏற்றமும் படிகளும் ஏராளம் என்பதால், அதைச் சவாரிக்கு முன்பே சுற்றிப் பார்த்துவிடுங்கள்.