4-வே சூட்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

இன்டோர் ஸ்கைடைவிங் என்றால் கீழிருந்து மேலே காற்று வீசும் டனலுக்குள் மிதந்து பறப்பது. அதில் நால்வர் ஒருவரையொருவர் பிடித்து வடிவம் போடும் 4-வே ஃபார்மேஷன் போட்டிக்கென்று அளவெடுத்துத் தைத்துத் தரும் சூட்டைப் பற்றிய மதிப்பீடு இது. டனலில் வாடகைக்குத் தரும் தொளதொள சூட் முதல் தடவை பறக்க வருகிறவருக்குப் போதும். போட்டிக்கு ஆகாது. அதில் அடுத்தவர் பற்றிக்கொள்ளும் பிடியும் இல்லை, ஷூ மேல் வரும் பூட்டியும் இல்லை.

ஒரு ரவுண்டுக்கு 35 வினாடிதான். குலுக்கலில் விழுந்த ஃபார்மேஷன்களை வரிசை மாறாமல் போட்டுக்கொண்டே போக வேண்டும். சரியாக முடிக்கும் ஒவ்வொன்றுக்கும் பாயிண்ட். பட்டியலில் 16 ராண்டம் (ஒற்றை வடிவம்), 22 பிளாக் (ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குக் குறித்த முறையில் மாறுவது). ஸ்டார் என்ற வடிவத்துக்குக் கையைப் பிடித்தால் முடிந்தது. டோனட் என்ற வளையத்தில் நால்வருமே அடுத்தவர் காலைப் பிடித்தாக வேண்டும். கால் பக்கவாட்டில் ஃபோம் அடைத்து உருளையாகத் தைத்த பிடி இருந்தால் கை நேராக அதில் போய் விழும். இல்லையென்றால் துணியைத் தேடுவதிலேயே வினாடி கரையும். நடுவர்கள் வீடியோவைப் பார்த்துத்தான் மார்க் போடுகிறார்கள், அதனால் கறுப்பு சூட்டுக்கு மஞ்சள் பிடி மாதிரி பளிச்சென்று தெரிகிற நிறமாகக் கேளுங்கள். பேர், கொடி, லோகோவுக்கெல்லாம் கூடுதல் காசு தண்டம்.

சூட்டின் உயிர் பூட்டியில் இருக்கிறது. கால் துணியோடு சேர்ந்து ஷூவை மூடும் உறை அது. காற்று அதில் மோதுவதால்தான் முன்னால் பாயவும் சட்டென்று திரும்பவும் காலுக்கு பலம் வருகிறது. பாத விரலை நீட்டினால் துணி விறைக்க வேண்டும். தொளதொளத்தால் படபடவென்று அடிக்கும், பலம் வராது. ரொம்ப இறுக்கமென்றால் காலை நீட்டவே முடியாமல் முழங்கால் மடங்கியே நிற்கும். ஆகவே கால் நீளத்தைப் பறக்கப்போகும் ஷூவைப் போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். நம் வேலூர்ப் பக்கம் தோலுக்குப் பேர்போனதுதான், ஆனாலும் இதற்குத் தோல் ஷூ வேண்டாம். மெல்லிய அடி வைத்த லேசான கேன்வாஸ் ஷூ போதும்.

அளவுதான் பெரும்பாலும் சொதப்புகிற இடம். லாங் பஜார் டெய்லரிடம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சட்டை பேன்ட்டுக்குப் பழகிய கை, கேட்காமலே இரண்டு விரல் லூஸ் சேர்த்துவிடும். அந்த லூஸ் ஆர்டர் படிவத்தில் ஏறவே கூடாது. சூட் தைக்கிறவர்கள் தங்கள் கணக்குக்குச் சேர்ப்பார்கள். வெறும் உடம்பு அளவை மட்டும் எழுதுங்கள். கழுத்திலிருந்து கவட்டி வரையுள்ள அளவில் கஞ்சம் பிடித்தால், வில்லாக வளையும்போது தோளை இழுக்கும்.

துணியை டீம் முழுக்க ஒரே மாதிரி எடுக்காதீர்கள். டனலில் நால்வருக்கும் ஒரே காற்று: குப்புறப் பறக்க மணிக்கு சுமார் 180–200 கி.மீ. கனத்த ஆள் அதில் இறங்குவார், ஒல்லியானவர் மேலே ஏறுவார். கனத்தவருக்குக் காற்றைத் தடுக்கும் காட்டன் கலந்த துணி, கொஞ்சம் லூஸாக. ஒல்லிக்கு வழுக்கும் நைலான், ஒட்டினாற்போல். நிறம் ஒன்றாக இருந்தால் போதும்.

பார்சல் வந்ததும் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். டனலுக்கு ஐதராபாத் போக வேண்டும், காட்பாடியிலிருந்து ஒரு ராத்திரி ரயில். அங்கே போய்ப் பிரித்துத் தைக்க முடியாது. மெக்கானிக் ஷெட்டில் வண்டிக்கடியில் போகப் படுக்கும் சக்கரப் பலகை நாலு கிடைத்தால், நால்வரும் குப்புறப் படுத்து டோனட் போட்டுப் பாருங்கள். பிடி கைக்கு எட்டாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் தேய்வது பூட்டியின் விரல் முனை, டனல் அடியில் கட்டிய வலையில் உரசி உரசி. சாதாரண தையல் மெஷினில் கோர்டுரா என்ற கனத்த நைலான் துணி ஏறாது, ஊசி முறியும். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ மேல்பாகம் தைக்கிறவர்களிடம் கொடுத்தால் நைலான் நூலில் ஒட்டுப் போட்டுத் தருவார்கள். துவைக்க பச்சைத் தண்ணீர், காயப்போட நிழல். நம் ஊர் வெயிலில் நைலான் சீக்கிரம் வெளுத்து இற்றுப்போகும்.

வெளிநாட்டில் தைத்து வருவதால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கஸ்டம்ஸ் வரி தனி. டீம் இன்னும் முடிவாகவில்லை, யார் எந்த இடத்தில் பறப்பது என்று பேசிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் இப்போதைக்கு ஆர்டர் போடாதீர்கள்.