நீர்வள முதுநிலைப் படிப்பு: கிண்டியா, ரூர்க்கியா?

பொறியியல் முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதிய ஆண்டில் எனக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று ரூர்க்கி ஐஐடியில் நீரியல் எம்.டெக்.; மற்றொன்று கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையத்தில் எம்.இ. நான் கிண்டியில் சேர்ந்தவன் என்பதால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெயரிலும் வளாக வேலைவாய்ப்பிலும் ஐஐடிக்கே முதலிடம். அதில் வாதம் தேவையில்லை. கேட் வழியாகச் சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை இரண்டு இடங்களிலும் உண்டு. தமிழக நீர்வளத்துறையில் உதவிப் பொறியாளர் ஆவதே நோக்கம் என்றால், தேர்வாணையம் கேட்பது பி.இ. சிவில் மட்டுமே.

ரூர்க்கியின் பாரம்பரியம் சாதாரணமானதன்று. 1854இல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாய் ஊரின் நடுவே ஓடுகிறது; ஆசிய, ஆப்பிரிக்கப் பொறியாளர்களுக்கான நீர்வளப் பயிற்சி மையம் 1955இல் அங்கே தொடங்கியது; தேசிய நீரியல் நிறுவனமும் அதே ஊரில் இருக்கிறது. பனியுருகலையோ இமயமலை நீர்மின் திட்டங்களையோ ஆராய விரும்புவோர் மேற்கொண்டு யோசிக்காமல் அங்கே செல்லலாம். எனினும் ஒரு வாரப் பயிற்சிக்கு மட்டுமே நான் அங்கு தங்கியிருக்கிறேன். வகுப்பறைத் தரத்தை ஒப்பிட அது போதாது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இரண்டாம் ஆண்டின் ஆய்வேடு, அதிலும் குறிப்பாக அதற்கு வேண்டிய தரவு. வெள்ளத்தையும் நீரோட்டத்தையும் கணிக்கும் ஹெக்-ராஸ், ஸ்வாட் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றுக்குள் இடவேண்டிய நீர்மட்டமும் நீரோட்ட அளவும்தான் எளிதில் கிடைப்பதில்லை. கங்கை, சிந்து, பிரம்மபுத்திரா படுகைகளின் ஆற்றோட்டத் தரவு கட்டுப்படுத்தப்பட்டது. அதைப் பெறத் தனி அனுமதியும் இரகசியக் காப்பு உறுதிமொழியும் வேண்டும். இரண்டே பருவங்களில் முடிக்கவேண்டிய ஆய்வுக்கு அந்தக் காத்திருப்பு கட்டுப்படியாகாது. கிண்டியிலோ அடையாறு கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டபோது சைதாப்பேட்டையில் வெள்ளம் எந்தச் சுவர் வரை ஏறியது என்பதை அங்கே வசிப்பவர்களே கைநீட்டிக் காட்டுவார்கள்.

அருகில் இருப்பதன் பயனை எனக்குப் புரியவைத்தது காஞ்சிபுரம் பக்கத்துச் சிறிய ஏரி ஒன்று. அலுவலகத்தில் பெற்ற அட்டவணையில், வடகிழக்குப் பருவமழையின் உச்சத்தில், தொடர்ந்து நான்கு நாள்களுக்கு நீர்மட்டம் பூச்சியம் என்றிருந்தது. பெய்த மழையிலிருந்து ஓடிவரும் நீரைக் கணக்கிடும் என் மழை-நீரோட்ட மாதிரி எப்படித் திருத்தியும் அதனுடன் பொருந்தவில்லை. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, ஒரு சனிக்கிழமை பேருந்து பிடித்து நேரிலேயே போனேன். மதகருகே இருந்த லஸ்கர் (ஏரியைக் கண்காணிக்கும் பணியாளர்) தம் நோட்டை விரித்தார். அந்த நான்கு நாள்களுக்கும் வரி காலியாக இருந்தது. "கலங்கல் ஓடுன அன்னிக்கு அளவுக்கல்லு முழுகிப்போச்சு தம்பி, அதான் எழுதல" என்றார். காலியிடத்தைத் தட்டச்சு செய்தவர் பூச்சியமாக்கியிருக்கிறார். ஏரி நிரம்பி வழிந்த நாள்கள்தாம் என் கணக்கில் வறண்ட நாள்களாக இருந்தன. ரூர்க்கியில் அமர்ந்து இதே ஏரியை ஆராய்ந்திருந்தால், அந்த நான்கு பூச்சியங்களை ஆய்வேட்டிலும் அச்சிட்டிருப்பேன்.

கிண்டியிலும் எல்லாம் சுலபமாகக் கைக்கு வந்துவிடவில்லை. ஓர் அலுவலகத்தில் கோப்பு நகர்வதற்கு நான்கு முறை படியேறினேன். ஆனால் நான்கு முறையும் மாலைக்குள் விடுதிக்குத் திரும்ப முடிந்தது.

வெளிநாட்டில் முனைவர் பட்டம் தொடர எண்ணுவோருக்கு ஐஐடி முத்திரை எவ்வளவு கைகொடுக்கும் என்பதில் என் அனுபவம் செல்லாது. மற்றவர்கள் சேர்வதற்கு முன், துறை நூலகத்தில் அண்மைய ஆய்வேடுகள் சிலவற்றை எடுத்து, தரவு எங்கிருந்து பெறப்பட்டது என்று எழுதியுள்ள பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுவது நல்லது.