தூரத்தை அளப்பதா, புகையை அளப்பதா?

அமெரிக்காவின் வடகிழக்கில் கிராமத்து வீடுகளுக்கு வெளியே சின்னக் கொட்டகை மாதிரி விறகுக் கொதிகலன் நிற்கும். அதன் வெந்நீர் மண்ணுக்கடியில் குழாய் வழியே வந்து வீட்டைச் சூடாக்கும். சொந்தத் தோப்பு விறகு, எண்ணெய்ச் செலவு மிச்சம். சொந்த விறகை எரிக்கும் அந்த உரிமை சாதாரணமானதல்ல. ஆனால் புகை வேலியோடு நிற்காது.

அண்டை வீட்டாரைப் புகையிலிருந்து காக்க முதல் வழி தூரம். 1997-இல் வெர்மாண்ட் மாநிலம், கொதிகலனை அண்டை வீட்டிலிருந்து 200 அடி தள்ளச் சொன்னது. நியூயார்க் மாநிலத்தின் 2011 விதிப்படி புதிய கொதிகலன் மனை எல்லையிலிருந்து 100 அடி தள்ளி இருக்க வேண்டும், புகைபோக்கி 18 அடி உயரம் வேண்டும். டேப் வைத்தே சரிபார்க்கலாம். ஆனால் காற்றசையாத குளிர் இரவில் புகை மேலெழாமல் பள்ளத்தில் தேங்கும். அப்போது 100 அடி எம்மாத்திரம்?

இரண்டாவது, கருவிக்கே வரம்பு. அமெரிக்க மத்திய அரசு விதிப்படி 2020 மே முதல், புதிய கொதிகலன் தரும் 10 லட்சம் பிடியூ (வெப்ப அலகு) வெப்பத்துக்கு 0.10 பவுண்டு புகைத் துகள்தான் அனுமதி. இதுவே வேரைத் தொடுகிறது. பழைய வகையில் தீயறையைச் சுற்றித் தண்ணீர் இருப்பதால் சுவர் சூடேறாது. தண்ணீர் சூடானதும், தீக்குக் காற்று விடும் கதவு மூடும். விறகு எரியாமல் புகைந்து, தார் கறுப்பாக வழியும். புதியதில் அந்தப் புகை இரண்டாம் அறையில் எரிந்துவிடும். வெந்நீர்த் தொட்டியும் இருந்தால் கதவு மூட வேண்டிய நேரம் குறையும்.

குறை, விற்றுப்போன பழையவற்றை இந்த வரம்பு தொடாது. அவற்றுக்குத் தூர விதியோடு கோடைத் தடையும் வேண்டும். வெப்பத் தேவை குறைந்த மாதங்களில்தான் கதவு அதிகம் மூடிக் கிடக்கும். எதுவானாலும் விறகைப் பிளந்து, அடுக்கி, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காயவிடுங்கள்.