ஹம்பி போட்டோவை யார்கிட்ட காட்டுறது? ஃபேமிலி குரூப், இன்ஸ்டா, கிளப், ஸ்டுடியோ அண்ணன்

நாலு நாள் ஹம்பி சுத்திட்டு வந்தப்ப கார்டுல 412 போட்டோ இருந்துச்சு. அதுல எது நல்லதுன்னு சத்தியமா எனக்குத் தெரியல, ஏன்னா எதைத் திறந்தாலும் போட்டோ தெரியல, அந்த நாள்தான் தெரியுது. மாதங்க மலை சூரிய உதயத்தையே எடுத்துக்கங்க, காலைல நாலரைக்கு டார்ச் அடிச்சுக்கிட்டு பாறை பாறையா ஏறி, முட்டி சிராய்ச்சு, மேல போய் காத்துல நடுங்கிக்கிட்டு உட்கார்ந்து எடுத்தது, அதெல்லாம் சேர்ந்துதான் எனக்கு அது அழகா தெரியுது. பார்க்கறவங்களுக்கு என் முட்டி வலி எப்படித் தெரியும்? பயணப் போட்டோவுக்கு கருத்து கேட்கறதுல இருக்கற கஷ்டமே இதுதான். நம்ம ஞாபகத்தையும் போட்டோவையும் யார் பிரிச்சுக் காட்டுவாங்கன்னு பார்க்க, 20 போட்டோவைப் பொறுக்கி நாலு இடத்துல காட்டினேன்.

முதல்ல ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப். "சூப்பர்டா", "செம்ம", கைதட்டற பொம்மை, அவ்ளோதான். பாசத்துல சொல்றாங்க, அதை நான் குறைச்சு சொல்லல, ஆனா போட்டோவைப் பத்தி ஒண்ணும் தெரியவராது. இன்னொரு விஷயம், 6000க்கு 4000 பிக்சல் ஃபைலை சாதாரணமா அனுப்பினா கிட்டத்தட்ட 1600 பிக்சலுக்கு சுருக்கிடுது, அதனால ஷார்ப்பா இருக்கா, நாய்ஸ் (இருட்டுல எடுத்தா மணல் மாதிரி தெரியற புள்ளிங்க) இருக்கான்னு அங்க கேட்கறதுல அர்த்தமே இல்ல. 2023ல எச்டி ஆப்ஷன் வந்துச்சு, இல்லேன்னா டாக்குமெண்டா அனுப்பணும். இருந்தாலும் இந்தக் குரூப்பை ஒதுக்கிடாதீங்க. விருபாட்சர் கோயில் உள்ள ஒரு இருட்டு மண்டபத்துல, சின்ன துவாரம் வழியா வெளிச்சம் வந்து, ராஜகோபுரத்தோட நிழல் சுவத்துல தலைகீழா விழும், கேமரா வேலை செய்யற தத்துவமே அதுதான். நான் அதைப் பார்த்து சிலிர்த்துப்போய் எடுத்திருந்தேன். சித்தி கேட்டாங்க, "சுவத்துல என்னடா கறை மாதிரி இருக்கு?" அப்பதான் உறைச்சுது, நான் சுவத்தை மட்டும் எடுத்திருக்கேன், துவாரமும் இல்ல, வர்ற வெளிச்சமும் இல்ல, அண்ணாந்து பார்த்துக்கிட்டு நின்ன சனமும் இல்ல. அந்த ஒரு கேள்வி நூறு "சூப்பர்"க்கு மேல. அங்க போகாதவங்க, போட்டோ டெக்னிக் தெரியாதவங்க, மனசுல பட்டதைக் கேட்டுடறாங்க.

இன்ஸ்டாவைப் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல. கல் தேருக்குத்தான் லைக் கொட்டுச்சு. 50 ரூபா நோட்டுல இருக்கற அதே தேர், அங்க போனா ஆளாளுக்கு நோட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு தேரோட சேர்த்து எடுத்துக்கிட்டு இருப்பாங்க. என்னோடது அதே கோணத்துல ஆயிரமாவது போட்டோ. லைக் விழுந்தது தேருக்கு. உள்ள வந்த மெசேஜ்ல பாதி "எங்க தங்கினீங்க, எவ்ளோ ஆச்சு"ன்னுதான். கட்டைவிரல் ஓட்டத்துல ஒரு செகண்ட் நிக்க வைக்குதான்னு தெரிஞ்சுக்கணும்னா சரி, அதுக்கு மேல அதுகிட்ட கேட்காதீங்க.

போட்டோகிராஃபி கிளப் கதை வேற. ஞாயித்துக்கிழமை காலைல புரொஜெக்டர்ல போட்டு நாலஞ்சு பேர் பேசுவாங்க. டெக்னிக்கலா கத்துக்க இதை அடிச்சுக்க இடமே இல்ல. என் வானத்துல எல்லா போட்டோலயும் வலது மேல் மூலைல ஒரே இடத்துல மங்கலா ஒரு புள்ளி, நான் கவனிச்சதே இல்ல, ஒருத்தர் பார்த்த உடனே "சென்சார்ல தூசி, லென்ஸ் துவாரத்தைச் சின்னதா எஃப் 16ல வச்சு எடுத்ததால பளிச்சுனு தெரியுது"ன்னுட்டார். போட்டிக்கு அனுப்பறவங்க இன்னொண்ணும் சொன்னாங்க: அமெரிக்க போட்டோகிராஃபிக் சொசைட்டியோட பயணப் பிரிவு விதிப்படி ஒரு நாட்டோட இயல்பு, பண்பாடு இருக்கறபடியே தெரியணும், ஆளையோ பொருளையோ க்ளோசப்ல எடுத்தாலும் சுத்துப்புறம் தெரியணும், ஓரத்தை வெட்டி க்ராப் பண்ணலாம், ஆனா எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது, போட்டோவுக்குன்னு ஏற்பாடு பண்ணி ஆளை நிக்க வச்சும் எடுக்கக் கூடாது. நான் போட்டிக்கெல்லாம் அனுப்பறதில்ல, ஆனா இந்த விதியை வச்சு என் 20ஐயும் பார்த்தேன், மாதங்க மலை போட்டோ அதுல நிக்கல. ஆரஞ்சு வானம், கறுப்புப் பாறை. எந்த ஊர்னு யாராலயும் சொல்ல முடியாது.

கிளப்போட குறை, ஒரு போட்டோவுக்கு ஒரு நிமிஷம்தான். அந்த அவசரத்துல எல்லாருக்கும் வாயில வர்றது ரூல் ஆஃப் தேர்ட்ஸ் (படத்தை மூணு மூணா பிரிச்சு அந்தக் கோட்டுல விஷயத்தை வைக்கறது), ஹொரைசன் (அடிவானக் கோடு), வானம் வெளுத்துப்போச்சு. நானும் அதைச் செஞ்சிருக்கேன். புதுசா வந்த ஒரு பொண்ணு ராமேஸ்வரத்துல எடுத்த போட்டோவைப் போட்டுது, "ஹொரைசன் சாய்ஞ்சிருக்கு, வெளிச்சமான இடமெல்லாம் வெளுத்து ஹைலைட் பர்ன் ஆயிடுச்சு"ன்னேன். ரெண்டும் உண்மைதான். ஆனா அது, அவங்க பாட்டி வாழ்க்கைல முதல் தடவையா கடலைப் பார்க்கற நேரம், புடவையை ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அலைக்குப் பின்வாங்கறாங்க, அந்தக் கை எவ்ளோ அழகா விழுந்திருக்குன்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. அடுத்த மாசம் அந்தப் பொண்ணு போட்டோ எடுத்துட்டு வரல. இன்னிக்கும் மனசு உறுத்துது.

கடைசியா எங்க தெருவுல முன்னாடி ஸ்டுடியோ வச்சிருந்த அண்ணன். ஒரு ஃபிலிம் ரோலுக்கு 36 போட்டோதான்னு இருந்த காலத்துல கல்யாணம் எடுத்தவர், ஹம்பி பக்கம் போனதே இல்ல. பொறுக்கினதை வேண்டாம்னுட்டார், "மொத்தத்தையும் காட்டு தம்பி"ன்னார். 412ஐயும் பார்த்தார், ஒன்றரை மணி நேரம், பாதி நேரம் பேசவே இல்ல. நான் "இது காலைல நாலரைக்கு..."ன்னு ஆரம்பிச்சேன், கையைக் காட்டி நிறுத்திட்டார். நான் ஓரங்கட்டி வச்சிருந்த ஒண்ணுல நின்னார். துங்கபத்ரை கரைல ஒருத்தர் பரிசலைக் கவுத்து தலைமேல தூக்கிட்டு வர்றார், ஒரு பெரிய கறுப்பு ஆமை ரெண்டு காலோட நடந்து வர்ற மாதிரி, பின்னாடி அந்த உருண்டைப் பாறைங்க. முகம் தெரியலைன்னு நான் விட்டுட்டேன், வலது ஓரத்துல யாரோ டூரிஸ்டோட முழங்கை வேற.

"இதை 8க்கு 12ல பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வா"ன்னார். போட்டு எடுத்துட்டுப் போனேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி எல் வடிவத்துல ரெண்டு துண்டு வச்சிருக்கார், ரெண்டையும் எதிரெதிரா பிரிண்ட் மேல வச்சு மெதுவா நகர்த்தினார். வலப்பக்க அட்டை உள்ள வந்துச்சு, முழங்கை போச்சு. மேல் அட்டை கொஞ்சம் இறங்குச்சு, வெத்து வானம் போச்சு. பரிசலோட வளைவும் பின்னாடி பாறையோட வளைவும் ஒண்ணு மேல ஒண்ணா வந்து நின்னுச்சு. எனக்கு அந்த வளைவு அது வரைக்கும் தெரியவே இல்ல. "முகம் எதுக்கு தம்பி, அந்தக் காலைப் பாரு, எவ்ளோ கனம்னு அது சொல்லுதே"ன்னார்.

என்னைக் கேட்டா இந்த வழிதான். ஒரே ஆள், அந்த ஊருக்குப் போகாத ஆள், நாம கழிச்சதையும் சேர்த்துப் பார்க்கற ஆள். எல்லாருக்கும் இப்படி ஒரு அண்ணன் கிடைக்க மாட்டார், தெரியும், அப்படின்னா வீட்டுல ஒருத்தரை உட்கார வச்சு "இதுல என்ன தெரியுது, வரிசையா சொல்லு"ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கங்க, அதுவே பாதி வேலையை முடிச்சிடும். செட்டிங்ஸ், லென்ஸ், எடிட் சந்தேகத்துக்கு கிளப். சந்தோஷத்தைப் பகிர்ந்துக்க ஃபேமிலி குரூப்.

கருத்து சொல்றவங்களுக்கு, நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990ல உருவாக்கின ஒரு வரிசை இருக்கு, போட்டோவுக்கும் அப்படியே பொருந்துது. முதல்ல மனசுல நின்னது என்னன்னு சொல்லணும், அப்புறம் படைச்சவங்க கேட்கணும், அப்புறம் நாம தீர்ப்பு ஒளிஞ்சிருக்காத கேள்வி கேட்கணும், கடைசியா அனுமதி வாங்கிக்கிட்டுத்தான் அபிப்பிராயம். ராமேஸ்வரம் போட்டோவுக்கு நான் நேரா நாலாவதுக்குப் போயிட்டேன், அனுமதியும் கேட்கல.

போன வாரம் அக்கா பொண்ணு தனுஷ்கோடி போயிட்டு வந்து 30 போட்டோ அனுப்பியிருக்கா, 1964 புயல்ல இடிஞ்ச அந்த சர்ச்சை எல்லாரும் எடுக்கற மாதிரியே எடுத்திருக்கா, ஆனா ஒரு போட்டோல ஓரமா, சங்கு மாலை விக்கற அம்மா நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டு இருக்காங்க, அதுல ஃபோகஸ் இல்ல. ஃபோகஸைப் பத்தி எதுவும் எழுதல. "அந்த அம்மா பக்கத்துல எவ்ளோ நேரம் நின்ன?"ன்னு மட்டும் கேட்டு அனுப்பியிருக்கேன்.