வழிகாட்டி பூர்வகுடி, கல்லாப்பெட்டி யாருடையது?

ஆஸ்திரேலியச் சுற்றுலா விளம்பரங்களில் ஒரு படம் தவறாமல் இருக்கும். உடம்பில் வெண்களிமண் பூசிய ஒருவர், வாயில் டிஜெரிடூ என்ற நீண்ட மரக்குழல், பின்னால் சிவந்த பாறை. கீழே ‘பூர்வகுடிப் பண்பாட்டு அனுபவம்’ என்று போட்டிருப்பார்கள். படத்தில் இருப்பவர் அந்த வியாபாரத்தின் பங்குதாரரா, மாதச் சம்பளக்காரரா, அன்றைக்கு மட்டும் கூப்பிடப்பட்டவரா என்று மட்டும் சொல்லமாட்டார்கள். டிக்கெட் வாங்குகிற நமக்குத் தெரிய வேண்டியதே அதுதான்.

பூர்வகுடிகள் தங்கள் சொந்த மண்ணில் பண்பாட்டுச் சுற்றுலா நடத்தும் நான்கு இடங்களை இங்கே அருகருகே வைக்கிறேன்: பாலைவன நடுவில் உலுரு, வட பிரதேசத்தில் நிட்மிலுக், விக்டோரியாவில் பஜ் பிம், வடகோடியில் ஆர்னம் லேண்ட். காட்சிக்கு மதிப்பெண் போடப்போவதில்லை, அதில் எதுவும் சோடையில்லை. நான் கேட்பது இரண்டு கேள்விகள். பணம் யார் கைக்குப் போகிறது? ‘இது வேண்டாம், இங்கே வராதே’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

உலுரு: புகழ் பெற்ற மறுப்பு

உலுரு, பாலைவன நடுவே எழும் ஒற்றைப் பெரும்பாறை. 1873-இல் அந்தப் பக்கம் வந்த வில்லியம் காஸ் என்ற நில அளவையாளர், தென் ஆஸ்திரேலியாவின் அன்றைய அரசுத் தலைவர் பெயரை அதற்குச் சூட்டி ‘ஏயர்ஸ் ராக்’ ஆக்கினார். 112 ஆண்டுகள் கழித்து, 1985 அக்டோபர் 26 அன்று, பட்டா அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களின் கைக்கு வந்தது. வந்த கையோடு 99 ஆண்டுக் குத்தகைக்கு மத்திய அரசின் தேசியப் பூங்கா இயக்குநரிடம் திரும்பவும் போனது. அந்த நிபந்தனையின் பேரில்தான் பட்டாவே கிடைத்தது. நிர்வாகக் குழுவின் 12 உறுப்பினர்களில் 8 பேர் அனங்குகள்.

‘பாறையில் ஏறாதீர்கள்’ என்று அனங்குகள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அடிவாரத்தில் பலகைகூட வைத்திருந்தார்கள். பலகையைப் படித்துவிட்டு மக்கள் ஏறினார்கள். 348 மீட்டர் உயரம், ஒரு சங்கிலி, சுடும் வெயில். 1950-களுக்குப் பிறகு முப்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே உயிரிழந்தார்கள். தங்கள் மண்ணில் விருந்தாளி செத்தால் அந்தத் துக்கமும் பொறுப்பும் தங்களைச் சேர்ந்தது என்பது அனங்குகளின் நெறி. ஏறுகிறவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் கீழே குறைந்தால் பாதையை மூடலாம் என்பது பூங்காத் திட்டத்தில் இருந்த நிபந்தனைகளுள் ஒன்று. அந்தக் கணக்கு நிறைவேறி, 2017-இல் குழு ஒருமனதாக முடிவெடுத்து, 2019 அக்டோபர் 26-இல் பாதை மூடப்பட்டது. பட்டா வந்து 34 ஆண்டுகள்! சொந்தக்காரர் ‘வேண்டாம்’ என்று சொல்லி அது செல்லுபடியாக அவ்வளவு காலம். கடைசி வாரங்களில் ஏறுவதற்குக் கூடிய நீண்ட வரிசையின் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. எனக்கு அவை இன்றும் எரிச்சலூட்டுகின்றன.

இனி பணம். பூங்கா நுழைவுக் கட்டணத்தில் கால் பங்கு அனங்குகளுக்கு. ஆனால் பயணி செலவழிப்பதில் நுழைவுக் கட்டணம் சிறு தொகை. பெரும் பணம் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது, அவை பூங்காவுக்கு வெளியே யுலாரா என்ற ரிசார்ட் ஊரில் இருக்கின்றன. அந்த ரிசார்ட்டை 2011-இல் பூர்வகுடிகளுக்கான மத்திய நில நிறுவனம் சுமார் 30 கோடி டாலருக்கு வாங்கியது. நாடு முழுவதும் உள்ள பூர்வகுடிகளுக்காகச் சட்டம் போட்டு உருவாக்கிய அமைப்பு அது, அனங்குகளின் சொந்த நிறுவனம் இல்லை. பல ஊர்களிலிருந்தும் பூர்வகுடி இளைஞர்களைக் கொண்டுவந்து ஹோட்டல் வேலை பழக்கினார்கள், அது நல்ல காரியம். ஆனால் வாங்கிய கடன் பல ஆண்டுகள் அந்த அமைப்பின் கழுத்தைப் பிடித்தது. பாறையின் பக்கத்திலேயே இருக்கும் அனங்கு ஊரான முட்டிஜூலுவுக்கும் யுலாராவுக்கும் வசதியில் ஒப்பே கிடையாது.

போகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. மருக்கு ஆர்ட்ஸ் என்ற அமைப்பு அனங்குக் கலைஞர்களுடையது. 1980-களிலிருந்து மரச்செதுக்குகளையும் புள்ளி ஓவியங்களையும் விற்கிறது, ஓவியம் தீட்டவும் கற்றுத்தருகிறது. வாங்குவதை அங்கே வாங்கலாம். நகரத்துக் கடைகளில் தொங்கும் பூமராங்குகளை நம்பவேண்டாம். பூர்வகுடிப் பாணி நினைவுப் பொருட்களுக்குச் செலவாகும் பணத்தில் பாதிக்கு மேல் பூர்வகுடிகள் கை படாத போலிகளுக்கே போகிறது என்று ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022-இல் சொல்லிவிட்டது.

நிட்மிலுக்: கணக்குப் புத்தகமும் தங்களுடையதே

காத்தரின் என்ற சிற்றூரிலிருந்து அரை மணி நேரத்தில் இந்தப் பள்ளத்தாக்கு. செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு பதின்மூன்று துண்டுகளாக நெளிகிறது. ஜாவோயின் மக்கள் 1978-இல் உரிமை கோரியபோது ஊர்க்காரர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு. பிக்னிக் போகும் ஆற்றங்கரை பறிபோய்விடும் என்ற பயம். 1989 செப்டம்பரில் நிலம் ஜாவோயினருக்கு வந்தது. இங்கேயும் அதே ஏற்பாடுதான்: குத்தகைக்கு விட்டு, அரசோடு சேர்ந்து பூங்காவை நடத்துகிறார்கள், குழுவில் ஜாவோயினருக்கே பெரும்பான்மை. ஆற்றங்கரை யாருக்கும் பறிபோகவில்லை.

உலுருவிலிருந்து இது பிரிவது வியாபாரத்தில். படகுச் சவாரி, தோணி வாடகை, ஹெலிகாப்டர், முகாமிடம், சிக்காடா லாட்ஜ் என்ற விலை கூடிய விடுதி, எல்லாமே நிட்மிலுக் டூர்ஸ் என்ற நிறுவனத்தின் கையில். முதலில் பங்காளியாக நுழைந்து, பிறகு முழுவதையும் வாங்கி, இன்று ஜாவோயின் சங்கமே அதன் ஒரே உடைமையாளர். உலுருவில் நுழைவுச் சீட்டோடு நின்றுபோகும் பங்கு இங்கே ரிசார்ட் சாப்பாடு வரை நீள்கிறது.

குறையும் உண்டு. இது பெரிய, தொழில்முறை நிறுவனம். இரண்டு மணி நேரப் படகுப் பயணத்தில் பாறை ஓவியம் காட்டுவார்கள், ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குக் கற்களின் மேல் நடத்திக் கூட்டிப்போய் வேறு படகில் ஏற்றுவார்கள். ஆனால் உங்கள் படகோட்டி ஜாவோயினர்தான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ‘பண்பாடு’ என்ற சொல்லை நம்பி வந்தவர்களுக்கு இது நல்ல படகுச் சவாரியாக மட்டுமே தோன்றக்கூடும். எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. பூர்வகுடி முதலாளி எந்நேரமும் பூர்வகுடியாகவே காட்சியளிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் பக்கத்துக் கோளாறு.

‘வேண்டாம்’ சொல்வதில் ஜாவோயினருக்கு நீண்ட அனுபவம். அவர்கள் நாட்டில், காக்கடு தேசியப் பூங்காவின் தெற்குப் பகுதியில், குராத்பா என்ற குன்று இருக்கிறது. அதனடியில் தங்கமும் பிளாட்டினமும் இருந்தன. அங்கே உறங்கும் புலா என்ற மூதாதையைக் கலைத்தால் பேரழிவு என்றார்கள் மூத்தோர். 1991-இல் பிரதமர் பாப் ஹாக், தன் அமைச்சர்கள் பலரின் விருப்பத்தையும் மீறி, சுரங்கத்தைத் தடை செய்தார். அதே ஆண்டின் இறுதியில் அவர் பதவியும் போனது. காரணங்களில் இதுவும் ஒன்று என்பார்கள்.

பின்னால் வந்த ஒரு கதை இன்னும் பொருத்தமானது. அதே ஜாவோயின் நாட்டில், காக்கடு பூங்காவுக்குள், கன்லம் அருவி. 2019-இல் பூங்கா நிர்வாகம் அங்கே போட்ட நடைபாதை ஒரு புனித இடத்துக்கு மிக அருகில் போய்விட்டது. புனித இடங்களைக் காக்கும் வட பிரதேச ஆணையம், மத்திய அரசின் பூங்கா இயக்குநர் மீதே வழக்குப் போட்டது. அவருக்கு அந்தச் சட்டம் பொருந்தும் என்று ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் (அந்த நாட்டில் அதுவே உச்ச நீதிமன்றம்) 2024-இல் தீர்ப்பளித்தது. கூட்டு நிர்வாகம் என்ற ஏற்பாட்டில் ஓட்டை எங்கே விழும் என்று பார்க்க இதைவிடத் தெளிவான வழக்கு கிடைக்காது. குழுவில் பெரும்பான்மை இருந்தும், கடப்பாரை வேறொருவர் கையில் இருந்தது.

பஜ் பிம்: சுற்றுலா இங்கே இரண்டாவது வேலை

மெல்பர்னிலிருந்து மேற்கே காரில் நான்கு மணி நேரம். எரிமலை கக்கி உறைந்த கருங்கல் நிலம். குண்டிஜ்மாரா மக்கள் அந்தக் கற்களை அடுக்கி வாய்க்கால் இழுத்தார்கள், மடை கட்டினார்கள், விலாங்கு மீனைக் குளங்களுக்குள் திருப்பி வளர்த்து, நாணலில் முடைந்த நீண்ட பறிகளை வைத்துப் பிடித்தார்கள். இந்த ஏற்பாட்டுக்கு குறைந்தது 6,600 ஆண்டு வயது என்கிறது ஆய்வு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் ஏமாற்றுக்காரனாக நாம் ஏசும் விலாங்கை வைத்து அவர்கள் ஊர் ஊராகக் கல்வீடு கட்டி நிலைத்து வாழ்ந்தார்கள். ‘பூர்வகுடிகள் எல்லாம் நாடோடிகள்’ என்று பள்ளியில் படித்தவர்கள் இந்தக் கல்வரிசைகளின் பக்கத்தில் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

குடியேறிய வெள்ளையர்கள் மேய்ச்சலுக்காக அங்கிருந்த தே ராக் என்ற ஏரியின் நீரை வடித்தார்கள். குண்டிஜ்மாரா மக்களுக்கு 2007-இல் நில உரிமைத் தீர்ப்பு வந்தது. 2010-இல் கலிங்கு ஒன்று கட்டி தே ராக் ஏரிக்கு நீரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2019 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியல்: பூர்வகுடிப் பண்பாட்டு மதிப்புக்காக மட்டுமே உலக மரபிடமான முதல் ஆஸ்திரேலிய இடம். அந்தக் கோடையின் காட்டுத்தீ புதரை எரித்தபோது, அதுவரை கண்ணில் படாத வாய்க்கால்களும் வெளியே தெரிந்தன.

ஏரிக்கரையில் 2022-இல் ஒரு மையமும் உணவகமும் திறந்தார்கள். அங்கே விலாங்கு உணவு கிடைக்கும், குண்டிஜ்மாரா வழிகாட்டியோடு கல்வரிசைகளைச் சுற்றிவரலாம். நடைபாதைக்கும் கட்டடங்களுக்கும் விக்டோரியா அரசின் பணம் வந்தது உண்மை. ஆனால் நீரைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் முதல் வேலையாக இருந்தது, பயணிகள் பிறகு வந்தார்கள். அதனால்தான் மற்ற மூன்றைவிட இதன் மேல் எனக்கு மதிப்பு அதிகம். கூட்டம் வராத வாரத்திலும் ஏரியில் வேலை நடக்கும்.

உலுருவின் பிரம்மாண்டத்தை எதிர்பார்க்காதீர்கள். பார்ப்பதற்கு இது கல்லும் நீரும் நாணலும்தான். சொல்ல ஆள் இல்லாமல் தனியாக நடந்தால் பாதி விளங்காது.

ஆர்னம் லேண்ட்

இங்கே அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழையவே முடியாது. யொல்ங்கு மக்களின் உடைமையான லிர்வி என்ற அமைப்பு 2010 முதல் சிறு சிறு குடும்ப ஊர்களுக்குப் பயணிகளை அழைத்துச் செல்கிறது. 1963-இல் தங்கள் நிலத்தை அரசு சுரங்கத்துக்குக் கொடுத்ததை எதிர்த்து மரப்பட்டையில் மனு எழுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் இவர்கள். அலுமினியத் தாதுவான பாக்சைட்டைச் சுத்திகரித்த ஆலை 2014-இல் நின்றது, சுரங்கத்தின் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பின் பிழைப்புக்கு என்ன என்ற கேள்விக்கான பதில்களில் சுற்றுலாவும் ஒன்று.

இது விலை கூடியது, தொலைவானது. ஊரில் ஒரு சாவு விழுந்தால் சடங்கு முடியும்வரை நீங்கள் பதிந்த தேதி தள்ளிப்போகலாம். அட்டவணை பார்த்து வாழ்பவர்களுக்கு ஒத்துவராது. ஆனால் ‘வேண்டாம்’ என்பது நான்கில் இங்கேதான் வாசலிலேயே இருக்கிறது.

எதைத் தேர்வது

உடைமை கையில் இருந்தால் வியாபாரம் நிலைத்துவிடும் என்றும் சொல்லமுடியாது. ப்ரூம் நகருக்கு வடக்கே லெவேக் முனையில் இரண்டு பூர்வகுடி ஊர்கள் சேர்ந்து நடத்திய கூல்ஜமன் விடுதி, பல பத்தாண்டுகள் ஓடிவிட்டு, அங்கே போகும் சாலைக்குத் தார் போட்டு முடித்த மறு ஆண்டான 2021-இல் மூடியது. கெயின்ஸ் அருகே 1987-இல் தொடங்கிய ஜாபுகாய் நடன அரங்கம், பின்னாளில் அரசு அமைப்பின் கைக்குப் போய், கொரோனா காலத்தோடு முடிந்தது. பல பூர்வகுடிக் குடும்பங்கள் தலைமுறையாக வேலை பார்த்த இடம் அது. மூடும் முடிவு நடனமாடியவர்களிடம் இல்லை.

என் வரிசை இது. விக்டோரியாவில் இருக்கும் தமிழ்க் குடும்பம் என்றால் யோசிக்காமல் பஜ் பிம், பிள்ளைகளோடு ஒரு வார இறுதி போதும். சிங்கப்பூரிலிருந்தோ அந்த வழியாகச் சென்னையிலிருந்தோ வருகிறவர்களுக்கு நிட்மிலுக்: டார்வினுக்கு நேரடி விமானம், அங்கிருந்து தெற்கே 300 சொச்சம் கிலோமீட்டர் நல்ல சாலை. மே முதல் செப்டம்பர் வரை போகலாம், மழைக்காலத்தில் ஆறு பெருகி முதலைகளும் உள்ளே வந்துவிடும். உலுருவைப் பார்த்தே தீரவேண்டும் என்றால் தடுக்கமாட்டேன். பாறையைச் சுற்றிவரும் பத்துக் கிலோமீட்டர் நடையை விடியற்காலையில் தொடங்குங்கள், ‘படம் எடுக்காதே’ என்ற இடங்களில் கேமராவை உள்ளே வையுங்கள். ஆர்னம் லேண்டை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டியலில் இல்லாத வேறு எங்காவது பதிவு செய்கிறீர்களா? பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் நிறுவனத்தின் சட்டப் பெயர் இருக்கும். ‘அபாரிஜினல் கார்ப்பரேஷன்’ என்று முடிந்தால் அது பூர்வகுடி நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவானது. உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் பூர்வகுடிகளாக இருக்கவேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நிபந்தனை. ஓரிக் என்ற பதிவாளரின் இணையப் பதிவேட்டில் இயக்குநர்கள் பெயரை இலவசமாகவே பார்க்கலாம். அப்படி முடியாத பெயர்களிலும் பூர்வகுடி உடைமை இருக்கலாம், குடும்பமாக நடத்தும் சிறு நிறுவனங்கள் பல அப்படித்தான். அங்கே ஒரு மின்னஞ்சல் போட்டு, நிறுவனம் எந்த மக்களுடையது, நடக்கப்போகும் நிலம் எந்த மக்களுடையது என்று கேளுங்கள். உண்மையான முதலாளிகள் இந்தக் கேள்விக்குப் பெயரோடும் ஊரோடும் பதில் எழுதுவார்கள்.