மார்கழி விடுமுறைக்கு யார் துணை: வந்தியத்தேவனா, சிவகாமியா, பொன்னனா, சாம்புவா?

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் புத்தகப் பையை மூலையில் வீசிவிட்ட பிறகு பொங்கல் வேலைகள் தொடங்கும்வரை கொஞ்ச நாள் கிடைக்கிறது. அந்த நாட்களில் புது நாவலைத் தொட எனக்குக் கை வராது. நடுவில் விருந்தாளி வருவார்கள், யாராவது கச்சேரிக்குக் கூப்பிடுவார்கள், அடுப்பில் பால் பொங்கும். விட்ட இடத்தை மறந்தாலும் பரவாயில்லை என்கிற புத்தகம்தான் அப்போது சரிப்படும். அதாவது, முன்பே படித்தது.

எதை என்பதில்தான் வருஷா வருஷம் எங்கள் வீட்டில் தகராறு. அக்காவுக்கு சிவகாமியின் சபதம். எனக்குப் பொன்னியின் செல்வன். அத்தானுக்கு வால்யூம் வால்யூமாகப் படிக்கப் பொறுமை கிடையாது, பார்த்திபன் கனவு போதும் என்பார். அப்பா நாங்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டே துப்பறியும் சாம்புவை எடுத்துக்கொண்டு திண்ணைப் பக்கம் போய்விடுவார். இந்த நான்கையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்கிறேன். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இது மறுவாசிப்பைப் பற்றிய அலசல். முடிவுகளை மறைக்கப் போவதில்லை. முதல் தடவை படிக்கப் போகிறவர்கள் இங்கேயே நின்றுகொள்வது நல்லது.

எது உயர்ந்த இலக்கியம் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. கதை முழுக்கத் தெரிந்த பிறகும் எது இனிக்கிறது என்பது மட்டும்தான் என் கணக்கு. அந்தக் கணக்கில் இந்த நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்கின்றன.

அக்காவின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கட்டுமானத்தில் கல்கியின் சரித்திர நாவல்களில் சிவகாமியின் சபதத்துக்குத்தான் முதலிடம் என்று அவள் சொல்வதை நான் மறுப்பதில்லை. பரஞ்சோதி யாத்திரை, காஞ்சி முற்றுகை, பிக்ஷுவின் காதல், சிதைந்த கனவு என்று நான்கு பாகம். எதையும் வெட்டி எறிய முடியாது. இரண்டாம் பாகத்துப் பல்லவ மன்னர் மகேந்திரவர்மரைப் போல ஒரு பாத்திரத்தைத் தமிழ்ச் சரித்திர நாவலில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை. வஜ்ரபாகு என்ற பெயரில் எதிரியின் பாசறைக்கே போய் வருவதும், முற்றுகையிட்ட புலிகேசியைப் பிறகு விருந்தாளியாகக் கோட்டைக்குள் அழைப்பதும், எத்தனை முறை படித்தாலும் ‘இந்த மனுஷனுக்கு எவ்வளவு தைரியம்’ என்று வாய்விட்டுச் சொல்ல வைக்கும்.

ஆனால் விடுமுறைக்கு? முதல் பாகத்தில் சிவகாமியின் அப்பா, சிற்பி ஆயனரின் காட்டு வீடு வருகிறது. சுற்றிலும் சிலைகள், சிவகாமியின் காலடியில் ரதி என்கிற மான், சுகப்பிரம்ம ரிஷி என்று பட்டம் பெற்ற கிளி, அஜந்தா ஓவியங்களின் அழியாத வர்ண ரகசியத்துக்கு ஏங்கும் அப்பா. முதல் வாசிப்பில் இதைவிட இதமான வீடு இல்லை. இரண்டாவது வாசிப்பில் அந்த வீட்டுக்குள் நுழையும்போதே மனசு கனக்கிறது. இந்தப் பெண் புலிகேசியின் தலைநகரான வாதாபியில் ஒன்பது வருஷம் காத்திருக்கப் போகிறாள், காதலன் மாமல்லன் வருவான், ஊரைக் கொளுத்துவான், ஆனால் அதற்குள் அவனுக்குப் பாண்டிய ராஜகுமாரியோடு கல்யாணம் ஆகியிருக்கும், இவள் கடைசியில் ஏகாம்பரநாதர் சந்நிதியில் இறைவனுக்கே தாலி கட்டிக்கொள்வாள். இதெல்லாம் தெரிந்துகொண்டு அந்தத் தாமரைக் குளக்கரைப் பேச்சுகளைப் படிப்பது சுகமா? சந்தோஷமான பக்கம் ஒவ்வொன்றும் பின்னால் வரப்போவதன் முன்பணமாகத் தெரிகிறது.

அக்காவிடம் இதைச் சொன்னால், “அழறதும் ஒரு சுகம்தாண்டி. உனக்கு எல்லாம் சிரிச்சிக்கிட்டே முடியணும்” என்பாள். அதில் உண்மை இருக்கிறது. வருஷம் முழுக்க அழ நேரமில்லாதவர்களுக்கு நாலு பாகமும் சேர்ந்து நல்ல மருந்துதான். எனக்கு அந்த மருந்து மழைக்காலத்துக்குச் சரி, விடுமுறைக்கு வேண்டாம்.

பார்த்திபன் கனவு கல்கியின் முதல் சரித்திர நாவல். 1941-42-ல் கல்கி பத்திரிகையில் வந்தது. சிவகாமியின் சபதம் 1944-ல்தான் தொடங்கியது. கதைப்படி பார்த்தால் சபதம்தான் முன்னால் நடக்கிறது. வயதான நரசிம்மவர்மரை, அதாவது அதே மாமல்லனை, முதலில் எழுதிவிட்டு, அவருடைய இளமைக்குப் பின்னால் போயிருக்கிறார். பார்த்திபன் கனவில் ஒற்றைக் கையோடு கபால பைரவராக நடமாடும் காபாலிகனுக்கு அந்தக் கை எங்கே போனது என்று சபதம் படித்தவருக்கு மட்டும் தெரியும்.

அத்தானின் தேர்வுக்குச் சாதகமான விஷயங்கள் நிறைய. மூன்று பாகம், ஒரே புத்தகம், மடியில் வைத்தால் கால் மரத்துப் போகாது. காவிரிக் கரைத் தோணித்துறையில் ஓடக்காரப் பொன்னனும் வள்ளியும் சண்டை போட்டுக்கொண்டே குடித்தனம் நடத்துவதில் கதை தொடங்குகிறது. ராஜா ராணிகளைவிட இந்த ஜோடிதான் எனக்கு நாவலின் உயிர். சிவனடியார் யார் என்பது ரகசியம் என்று ஆசிரியர் நம்பியிருக்கலாம். முதல் வாசிப்பிலேயே பாதி வாசகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மறுவாசிப்பில் அதுவே வேடிக்கையாகிவிடுகிறது: ஜடாமுடிக்குப் பின்னால் பல்லவச் சக்கரவர்த்தி நிற்கிறார், அது புரியாமல் ஒவ்வொருவரும் அவரிடமே வந்து சக்கரவர்த்தியைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். முடிவும் மங்களமானது. சோழ ராஜா பார்த்திபன் வெண்ணாற்றங்கரைப் போர்க்களத்தில் கண்மூடும்போது கேட்ட வாக்கு நிறைவேறுகிறது, அவர் மகன் விக்கிரமனுக்குச் சக்கரவர்த்தியின் மகள் குந்தவி கிடைக்கிறாள்.

குறை என்னவென்றால், நடுவில் ஆட்கள் குறைவு. செண்பகத் தீவு, ரத்தின வியாபாரி வேஷம், காட்டுக் குள்ளன், காபாலிகர்கள் என்று சம்பவம் சம்பவமாக ஓடுகிறதே ஒழிய, உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க யாரும் கிடைப்பதில்லை. மாரப்ப பூபதி நல்ல வில்லன்தான். அவனோடு எவ்வளவு நேரம் இருக்க முடியும்? நாலு நாள் லீவு உள்ளவர்களுக்கு இது போதும். அதற்கு மேல் உள்ளவர்களுக்குப் பாதியிலேயே பசி எடுக்கும்.

சாம்புவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேவன் எழுதியது நாவல் அல்ல, கோத்த கதைகள். பாங்கு குமாஸ்தா சாம்பு அசட்டுத்தனமாக எதையாவது செய்ய, அது குருட்டு அதிர்ஷ்டத்தில் குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்துவிடும். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மேதைத்தனம் என்று நினைத்துப் பூரித்துப் போவார். எல்லாக் கதையும் ஒரே அச்சுதான், அதனால் முடிவு தெரிந்தாலும் நஷ்டமே இல்லை. எந்தப் பக்கத்திலும் திறக்கலாம், எந்தப் பக்கத்திலும் மூடலாம். வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது சாம்புவை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. ஒருவர் வாய்விட்டுப் படிக்க நாலு பேர் கேட்கலாம். அப்பா அப்படித்தான் படிப்பார், சிரிப்பு வரப்போகிற வரிக்கு முன்னாலேயே தானே சிரித்துக்கொண்டு. தொடர்ச்சியாகப் பத்துக் கதை படித்தால் மட்டும் கொஞ்சம் திகட்டும். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று அளவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி என் கட்சி. பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாரா வாரம் வந்த தொடர். ஐந்து பாகம், 293 அத்தியாயம். இந்த நீளத்தைத்தான் எதிர்க்கட்சிக்காரர்கள் குறை சொல்வார்கள். வாரப் பத்திரிகைத் தொடர் என்பதால் ஒவ்வொரு அத்தியாயத்தின் வாலிலும் ஒரு கொக்கி இருக்கும்: கதவு திறந்தது, யாரோ வீறிட்டார்கள், நிழல் ஒன்று நகர்ந்தது. மறுவாசிப்பில் இந்தக் கொக்கிகள் எல்லாம் மழுங்கிப் போகின்றன. கதவுக்குப் பின்னால் யார் என்பதுதான் நமக்குத் தெரியுமே.

ஆனால் கொக்கி போன இடத்தில் வேறொன்று வந்து உட்காருகிறது. இரண்டாம் அத்தியாயத்தில் ஆழ்வார்க்கடியான் கைத்தடியைத் தூக்கிக்கொண்டு அத்வைதியை மடக்குகிறான்: நீரும் பிரம்மம், நானும் பிரம்மம், தடியும் பிரம்மம் என்றால் அடி வாங்கிக்கொள்ள என்ன தடை என்று. முதல் தடவை படிக்கும்போது சண்டைக்கார வைஷ்ணவன் என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். இவன் முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன் என்று தெரிந்த பிறகு படித்தால், எங்கே எவ்வளவு சத்தம் போட வேண்டும் என்று அளந்து போடுகிறானோ என்று சந்தேகம் வரும். கடம்பூர் மாளிகைக்குப் பழுவேட்டரையர் கூடவே வரும் மூடுபல்லக்கு இன்னொன்று. உள்ளே இளையராணி இருப்பதாக ஊரே நினைக்கிறது. நமக்குத்தான் தெரியும், உள்ளே சிம்மாசனத்துக்கு ஆசைப்படும் மதுராந்தகன் புழுங்கிக்கொண்டிருக்கிறான் என்று. அந்தக் கிழவர் பல்லக்கைக் காக்கும் விறைப்பை இப்போது படித்தால் சிரிப்பை அடக்க முடியாது.

எனக்கு இதில் மிகப் பிடித்தது தஞ்சாவூர் இடம். வந்தியத்தேவன் பூக்கட்டிப் பிழைக்கும் சேந்தன் அமுதன் வீட்டில் தங்குகிறான். அமுதனின் ஊமைத் தாயார் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் பரிமாறுகிறாள். வழிப்போக்கனுக்கு நல்ல பசி, வெட்கம் பார்க்காமல் வெட்டுகிறான். பக்கத்தில் பணிவாக நிற்கும் பையன்தான் பின்னால் உத்தம சோழனாகச் சிம்மாசனம் ஏறப் போகிறவன். எந்த மர்மமும் இல்லாமல், சும்மா ஒரு சாப்பாட்டுக் காட்சியாக அதை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் கல்கி. இரண்டாவது முறை வருகிறவனுக்கு மட்டும் வைத்த விருந்து அது. சபதத்தில் முன்பே தெரிந்திருப்பது துக்கத்தைக் கொண்டுவருகிறது, இதில் அதே தெரிதல் விளையாட்டைக் கொண்டுவருகிறது. என் ஓட்டு பொன்னியின் செல்வனுக்கு விழுவதற்கு இது ஒன்றே காரணம்.

இதிலும் துக்கம் இல்லாமல் இல்லை. ஆதித்த கரிகாலன் கொலை, கடைசி அத்தியாயத்தில் மணிமேகலையின் முடிவு. அதற்குத் தலைப்பே ‘மலர் உதிர்ந்தது’. ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று சட்டமா? மறுவாசிப்பில் வரிசை நம் கையில். விடுமுறைக்கு நான் சொல்லும் வழி இதுதான்: முதல் பாகம் புது வெள்ளத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப் பதினெட்டு அன்று வந்தியத்தேவன் குதிரையோடு வந்து மதகுகளை எண்ணத் தொடங்குவதிலிருந்து. (அதே வீராணம் ஏரித் தண்ணீர்தான் இன்று சென்னைக் குழாய்களில் வருகிறது. இந்த நினைப்போடு படித்தால் அந்த அத்தியாயம் இன்னும் ருசிக்கும்.) இரண்டாம் பாகத்தில் கோடிக்கரை, பூங்குழலி துரத்தவிட்டு வந்தியத்தேவன் சேற்றில் புதைகிற இடம், இலங்கைக் காடு, கடலில் சுழற்காற்று எல்லாம் முழுசாக. மூன்றாம், நான்காம் பாகங்களான கொலை வாளும் மணிமகுடமும் வேண்டிய இடம் மட்டும். ஐந்தாம் பாகமான தியாகச் சிகரத்தின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் கடல் பொங்கி சூடாமணி விகாரத்துக்குள் தண்ணீர் புகுகிறதே, அதைத் தவறவிடக் கூடாது. பிறகு நேரே முடிவுரைக்குத் தாவிவிடலாம். அவர் எப்படி ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்ட வாசகர்களுக்குக் கல்கி உட்கார்ந்து பதில் சொல்லும் பகுதி அது.

அக்கா இதைப் படிப்பு என்றே ஒப்புக்கொள்ள மாட்டாள். “தியாகச் சிகரம் படிக்காம பொன்னியின் செல்வன் படிச்சேன்னு வெளியில சொல்லிடாதே.” சொல்வதில்லை. அந்தப் பாகம் மட்டும் 91 அத்தியாயம் என்பதை அவளுக்கு நினைவூட்டுவதோடு சரி.

எந்தப் பதிப்பு என்பதும் கொஞ்சம் முக்கியம். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் ஆளாளுக்கு அச்சடிக்கிறார்கள். மலிவு விலைப் பதிப்புகளில் எழுத்து பொடியாக இருக்கும், அச்சுப் பிழை சில இடத்தில் ஆளையே மாற்றிவிடும். ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாகப் போட்டதைப் படுத்துக்கொண்டு படிக்கவே முடியாது, தனித்தனிப் பாகமாக வாங்குங்கள். யார் வீட்டிலாவது பத்திரிகைப் பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்த பழைய வால்யூம் இருந்தால் கெஞ்சியாவது இரவல் வாங்கலாம். மணியம் வரைந்த படங்களோடு படிப்பது தனி சுகம். ஒலிப்புத்தகம் காய் நறுக்கும்போது கைகொடுக்கும். ஆனால் அதில் தாவுவது கஷ்டம், நான் சொன்ன குறுக்கு வழிக்கு உதவாது. மதுரைத் திட்டம் என்கிற இணைய நூலகத்தில் இலவசமாகவே முழு நாவலும் இருக்கிறது, ரயிலில் போகும்போது போனில் அதுதான். பார்த்திபன் கனவை மட்டும் காகிதத்திலேயே படித்துவிடுங்கள், அதை முடிக்க ஒலிப்புத்தகத்துக்குப் பிடிக்கும் நேரத்தில் பாதிகூட ஆகாது.

ஆக, வீட்டில் கூட்டம் என்றால் சாம்பு, நாலு நாள்தான் என்றால் பொன்னனும் வள்ளியும், பத்து நாள் என்றால் புது வெள்ளத்தில் தொடங்குங்கள். அக்கா போன்றவர்களுக்குச் சபதம் இருக்கவே இருக்கிறது. அதை முடித்த கையோடு பார்த்திபன் கனவை எடுத்தால், ஜடாமுடியோடு ஊர் சுற்றும் பெரியவரான மாமல்லனைப் பார்த்துக் கோபம் கொஞ்சம் தணியும். இந்த யோசனையை மட்டும் அக்கா மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டாள். இந்த வருஷம் அத்தானின் புத்தகம் அவளிடம் போயிருக்கிறது. அத்தான் வேறு வழியில்லாமல் என்னிடம் புது வெள்ளம் கேட்டிருக்கிறார்.